ஆனியில் அடுப்புத் தேடும் தம்பிக்கு

வா தம்பி, இரு. போனில என்ன படம்? விறகு ஹீட்டரோ? கண்ணாடிக் கதவும் கறுப்பு இரும்புமாய் வடிவாய்த்தான் இருக்கு. "வெள்ளிக்கிழமைக்குள்ள பூட்டவேணும் அப்பு" எண்டு சொல்லுறாய். நல்லது மோனே. எந்த வருசத்து வெள்ளிக்கிழமை?

ஊரில மாரி இறங்க முந்தியே கிடுகு பின்னி, கூரை வேய்ஞ்சு, விறகைக் கொத்தி அடுக்கிப்போடுவினம். இஞ்சை குளிர் பிடிக்கிறது ஆனி, ஆடியில. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்க சிட்னியின்ரை வில்லாவுட்டில விடியப்புறம் ஐஞ்சாறு டிகிரிதான். உனக்கு மட்டும் அது ஒவ்வொரு வருசமும் புதினம். மாசியில நான் விறகுக் கதை எடுக்கேக்க ஏசிக்குக் கீழ படுத்துக்கொண்டு சிரிச்சனி. இப்ப சிட்னியில உன்னைப்போல கன சனம் ஒரேயடியாய் முழிச்சிருக்கு. அடுப்புப் பூட்டுற ஆக்களின்ரை வரிசையில நீ வாலில நிக்கிறாய்.

உன்னில மட்டும் பிழை சொல்லேலாது; இஞ்சத்தைக் குளிரை விசாரிக்காமல் முந்தியும் சனம் வந்திருக்கு. எங்கடை சனத்துக்கு வில்லாவுட் எண்டால் தடுப்பு முகாம்தான் ஞாபகம் வரும். அதுக்கு முந்தி, 1949 இல இருந்து, அங்கை குடியேற வந்த வெள்ளைக்காரருக்கு விடுதி இருந்தது; வளைஞ்ச தகரக் கொட்டில்கள். 1963 இல, பனியில உறைஞ்ச ஸ்கொட்லாந்தை விட்டு ஒரு குடும்பம் பிளேனேறி வந்தது. அதில ரெண்டு பெடியள் பிறகு ஏசி/டிசி எண்ட ராக் இசைக்குழுவில கிற்றார் அடிச்சு உலகத்தையே அதிர வைச்சவை. குளிருக்குத் தப்பி ஓடின அந்தச் சனம் வந்து சேர்ந்தது ஆனி மாசத்தில, அந்த விடுதிக்கு! விசாரிக்காமல் வந்தது நீ மட்டுமில்லை.

சரி, அடுப்புக்கு வருவம். நீ பெட்டியைப் பாக்கிறாய், நான் புகைக்கூட்டைப் பாக்கிறன். அடுப்பு நிக்கிற தளத்தில இருந்து குழாயின்ரை வாய் குறைஞ்சது 4.6 மீற்றர் உயரத்தில இருக்கவேணும். முகட்டுக்கு 3 மீற்றருக்குள்ள வெளிக்கிட்டால், முகட்டுக்கும் மேல 600 மில்லிமீற்றர் நிக்கவேணும். சூடான புகை மேல போற இழுவையிலதான் அடுப்புக்குக் காத்து வரும். குழாய் கட்டையெண்டால் புகை உன்ரை ஹோலுக்கை குடியிருக்கும், வாடகையும் தராது. கூரை மரத்துக்குள்ளால போற குழாய்க்குச் சுத்திவர உறையும் வேணும், இடைவெளியும் வேணும். அதை யூடியூப்பைப் பாத்து நீயே பூட்டினால் குளிரும் போகும், வீடும் போகும்.

பிறகு கவுன்சில். 1993 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின்ரை 68 ஆம் பிரிவில அனுமதி எடுக்கவேணும். வில்லாவுட்டில ஒரு பக்கம் ஃபேர்ஃபீல்ட், மற்றப் பக்கம் கன்டர்பரி பாங்ஸ்டவுன். உன்ரை வீடு எந்தப் பக்கம் எண்டாவது தெரியுமோ? பெட்டியை வாங்கி வைச்சிட்டுப் போய் நிண்டால் ரசீதைப் பாத்து ஒருத்தரும் இரங்கமாட்டினம். மலிவெண்டு பழைய அடுப்பை ஆரும் தந்தால் அதின்ரை முதுகைத் திருப்பிப் பார். ஒரு கிலோ விறகுக்கு 1.5 கிராமுக்கு மேல தூசு கக்கக்கூடாது எண்டதுதான் இப்பத்தைய கணக்கு. தரத்தைச் சொல்லுற தகடு இல்லாட்டி அதுக்குள்ள ரோசாச்செடி நடு.

விறகு? பார், அதையும் மறந்துபோனாய். அயன்பார்க் நல்ல விறகுதான், ஆனால் வெட்டிப் பிளந்து அடுக்கி ஒரு கோடையாவது காயவேணும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வரவேணும். ரெண்டு கட்டையை எடுத்து ஒண்டில ஒண்டு தட்டு. "டங்" எண்டால் காய்ஞ்சது, "தொப்" எண்டால் நீ தண்ணியைத் தொன் கணக்கில வாங்கியிருக்கிறாய். முனையில வெடிப்பு இருக்கோ எண்டும் பார். வேலி உடைச்ச பச்சைச் சாயல் பைன் பலகையை மட்டும் போட்டிடாதை. அதில ஆர்செனிக் ஏத்தியிருக்கும்.

இரவிரவாய் எரியட்டும் எண்டு காத்துவழியை அடைச்சுப்போட்டுப் படுக்கிற கெட்டித்தனமும் வேண்டாம். விறகு எரியாமல் புகையும், குழாய்க்குள்ள கரிப்பசை அப்பும், ஒரு நாளைக்கு அதுவே பத்தும். புகை விடாமல் 10 நிமிசம் வந்து, அதில அரை நிமிசமாவது 10 மீற்றருக்கு நீண்டால் நோட்டீசும் வரும். பக்கத்து வீட்டுக் கிழவி கொடியில உடுப்புக் காயப்போட்டிட்டு மணிக்கூடு பாத்துக்கொண்டுதான் இருப்பா.

ஆகையால் இந்த ஆனிக்கு உனக்கு அடுப்பு இல்லை, கம்பளிதான். இப்பவே விறகை வாங்கி மழை படாமல், காத்துப் படுகிற மாதிரி அடுக்கு. புரட்டாசியில கவுன்சிலுக்கு எழுது. தை, மாசியில, வெயிலில வேர்க்க வேர்க்க, பூட்டுற ஆளைக் கூப்பிடு. உன்னைப் பைத்தியம் எண்டு நினைப்பான், ஆனால் அண்டைக்கே வருவான்.

அதுவரைக்கும் குளிர்ந்தால் என்ரை அடுப்படிக்கு வா. வெறுங்கையோடை வராதை, ரெண்டு கட்டை கொண்டு வா. வாசலிலயே தட்டிப் பாத்துத்தான் உள்ளுக்கு விடுவன்.