ரிவெட்டு எண்ணும் தம்பி

மாடல் டாங்கியின் இழுவைக் கம்பியைச் செப்புக் கம்பியில் முறுக்கும் விதம் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கோலசிலாங்கூர் வீட்டுக்கு நேற்று வந்துபோன தம்பி அதைக் கெடுத்துவிட்டார். தேநீரைத் தொடாமல் நான் 1:35 அளவில் செய்யும் சி-ஹா டாங்கி மாடல் மேல் குனிந்தவர், "அங்கிள், ரிவெட்டு கொஞ்சம் தடிமனா இருக்கே?" என்றார்.

தடிமனாம்! நிஜ டாங்கியில் 20 மில்லிமீட்டர் தலையென்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்தில் ஒரு பங்காக்கினால் 0.57. என்னுடையது 0.7 இருக்கலாம். மீதி 0.13 மில்லிமீட்டர்தான் அந்தத் தம்பியின் துயரம். பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து, நூலாக்கி, வெங்காயம்போலச் சீவி, ஒவ்வொரு சீவலையும் பசையில் தொட்டு ஒட்டும்போது மூச்சுவிடக்கூட முடியாது. விட்டால் பறந்துவிடும். பறந்ததைத் தேடித் தரையில் தவழ்ந்தால், வீட்டம்மா துடைப்பத்தோடு வருவாள். பெருக்கிய குப்பையில் பாதி என் ரிவெட்டுகள்.

ஜப்பானியரின் இந்த சி-ஹா டாங்கிகள் 1942 ஜனவரி 7 அதிகாலையில் சிலிம் ரிவர் சாலையில் இறங்கி 11ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அன்று மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. எதிரே நின்ற சிப்பாய்களில் எவராவது ரிவெட்டின் தடிமனைக் குறை சொன்னாரா? கூட வந்த ஹா-கோ டாங்கியின் கவசம் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். நம் அளவில் 0.34. தேவைப்பட்டால் தம்பி அதையும் வெர்னியர் வைத்து அளந்து பார்க்கட்டும்.

ரோஷம் வந்து இப்போது துரைமார் காரில் இறங்கிவிட்டேன். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகு, ரப்பர் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் பயந்து காருக்கும் லேண்ட் ரோவருக்கும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் செம்மண் சாலையில் ஓடியதாகக் கற்பனை செய்து ஒன்று செய்கிறேன். கிடைத்த தகடு, பட்டறை ஆளின் கைவாகு, பார்க்க ஒரு சின்னப் பிளவு. டாமியா மாடல் பெட்டியில் இது வராது. ஆகவே ஒப்பிட்டுக் குறை சொல்ல எவருக்கும் வழியில்லை. (விடியலில் பால் வெட்ட நடந்துபோனவர்களுக்கு யாரும் தகடு அடிக்கவில்லை. அது வேறு கட்டுரை; எழுதினால் எனக்குக் கோபம் வரும்.)

ஒரே சிக்கல்தான் பாக்கி: தகட்டை ரிவெட்டு அடித்து மாட்டினார்களா, வெல்டிங்கா? ரிவெட்டென்றால் மறுபடி மெழுகுவத்தி, மறுபடி துடைப்பம். வெல்டிங்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆதாரம் கேட்பவர்கள் அந்தப் பட்டறைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளட்டும்.