ஜனாதிபதி கையெழுத்து

கேள்வி: அரசு உத்தரவு ‘ஜனாதிபதியின் ஆணைப்படி’ என்று ஆரம்பிக்கிறது, கீழே யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்து. செல்லுமா? ஜனாதிபதி எதில்தான் கையெழுத்துப் போடுவார்?
– வாசகர், திருப்பதி

பதில்: பேஷாகச் செல்லும். ஜனாதிபதி பெயரில் வரும் ஆணைக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்பதை விதி போட்டுத் தீர்மானிக்கச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 77-வது பிரிவு. விதியும் இருக்கிறது. செயலாளரில் தொடங்கிச் சார்புச் செயலாளர் வரை பலர் போடலாம். ஒப்பந்தங்களுக்கு 299-வது பிரிவு. ரேணிகுண்டாவில் ரயில்வே சுவருக்கு வெள்ளையடிக்கும் ஒப்பந்தம்கூட ஜனாதிபதி பெயரில்தான். சுண்ணாம்பு உதிர்ந்தால் அவரைப் பிடிக்க முடியாது. அவருக்குச் சொந்தப் பொறுப்பில்லை என்று அதே பிரிவு காப்பாற்றிவிடுகிறது. கையெழுத்திட்ட அதிகாரிக்கும் அதே சலுகை!

ஆனால் மசோதாவுக்கு ஒப்புதல் அவரே தர வேண்டும், 111-வது பிரிவுப்படி. எத்தனை நாளுக்குள் என்று அதில் இல்லை. 1986-ல் வந்த தபால் மசோதாவை ஜெயில் சிங் அப்படியே வைத்துக்கொண்டார். தபால் தாமதம் என்பது இதுதான் போலும்.

அந்த ஒப்புதலின் பலம் உங்கள் ஊர்ப்பக்கத்தாருக்குத் தெரியும். 1959-ல் ராஜேந்திர பிரசாத் ஒப்புதல் தந்த எல்லை மாற்றச் சட்டத்தால், 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் படித்த ராதாகிருஷ்ணன் அப்போது துணை ஜனாதிபதி. 1962-ல் ஜனாதிபதி ஆனார்.