கடைசி டீ எத்தனை மணிக்கு?

கேள்வி: வேலை, வீடு, பிள்ளைகள் என்றே நாள் ஓடிவிடுகிறது. என்னைக் கவனித்துக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: தூக்கத்திலிருந்து. படுத்துக்கொண்டே செய்யக்கூடிய உடல்நலப் பயிற்சி அது ஒன்றுதான்! பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதைப் பல வீடுகளில் கெடுப்பது மாலை ஆறு மணி டீ. உள்ளே போன காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்கு நீங்கள் படுத்தாலும், அந்த டீயில் பாதி விழித்துக்கொண்டிருக்கும். கடைசி டீயை மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். கைப்பேசி கூடத்திலேயே தூங்கட்டும்.

அடுத்து நடை. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும். பால் வாங்கப் போவதை வேக நடையாக்கிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிப்போன கடைசித் தோசையை நின்றபடி விழுங்காதீர்கள். எல்லோரோடும் தட்டு வைத்து உட்காருங்கள். இன்னொரு தோசை வேண்டுமென்றால் கல் அடுப்பில்தான் இருக்கிறது, கேட்பவருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.