திரை இழுப்பவனுக்கு ஒரு பட்டம்

புது தில்லியில் வீற்றிருக்கும் மகாகனம் பொருந்திய பல்கலைக்கழக மானியக் குழுவின் சமூகத்துக்கு, திருத்தணி மலையடிவாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சூரனோடு போர் முடித்து வந்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த ஸ்தலம் இது என்பதால், இங்கே குடியிருப்பவன் கோபத்தோடு கடிதம் எழுதுவது ஊர் தர்மத்துக்கு விரோதம். ஆகவே, சென்ற இரண்டு மாத காலமாக என் தங்கை பேரனை அழைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் படியேறி இறங்கியதில் மனத்தில் மூண்டதையெல்லாம் சரவணப் பொய்கையில் முழுகிக் கரைத்துவிட்டு, பூரண சாந்தத்தோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

தவிர, தங்களுக்கும் எங்கள் ஊருக்கும் ரத்த பந்தம் உண்டு. 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் சிபாரிசை ஒட்டியே தாங்கள் 1953-இல் அவதரித்து, 1956-இல் சட்டப்படி மேஜரானீர்கள். எனவே தங்களை எங்கள் ஊர்ப் பிள்ளையின் பிள்ளை என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. அந்த மகான் தத்துவ சாஸ்திரம் படிக்க நேர்ந்ததும் ஆழ்ந்த யோசனையின் பேரில் அன்று. ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டார், கையில் காசில்லாத பிள்ளை அதையே படித்தது. இனாமாக வந்த புத்தகம் ஒருவரை ராஷ்டிரபதி பவனம் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது! எங்கள் பையனுக்கு அப்படிப் பழைய புத்தகம் கொடுக்க எந்தச் சகோதரனும் இல்லை. ஏனென்றால், அவன் படிக்க விரும்புவது மேடையின் பின்புறத்தை.

அவனுக்கு நடிப்பிலே மோகம் கிடையாது, பாட்டும் வராது. பத்து வயதில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், வேஷக்காரர் வெளிப்படுவதற்கு முன் இருவர் பிடிக்கும் திரையின் ஒரு முனையைப் பிடித்தவன், அந்த முனையை இன்றுவரை விடவில்லை. பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் பிசைகிறார்களே, அதன் துடையில் குங்கும நீர்ப் பானையை எந்த ஆழத்தில் புதைத்தால் பீமன் கதையின் முதல் அடியிலேயே உடையும் என்பது அவனுக்குத் தெரியும். அர்ச்சுனன் தபசுக்கு நடும் பனைமரத்தில் ஒவ்வொரு படியையும் எப்படி இறுக்கினால், ஒரு வேஷக்காரர் முழு ஆபரணங்களோடு பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, கீழே முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களுக்கு எலுமிச்சம்பழம் வீசிவிட்டு, எலும்பு முறியாமல் இறங்க முடியும் என்பதும் தெரியும். இதை மேனாட்டில் ஒரு சாஸ்திரமாகவே வைத்துப் போதிக்கிறார்களாம். இங்கே அதற்குப் பெயர் ‘எடுபிடி’.

“யார் எப்போ வெளியே வரணும், எந்த வெளிச்சம் எப்போ அணையணும்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா தாத்தா? அந்த ஆளா ஆகணும்” என்றான். நியாயமான ஆசையாகவே எனக்குப் பட்டது.

முதலில் நாங்கள் நுழைந்த கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே சேர்க்கை மேஜையில் இருந்தவர், வாக்கியத்தை முடிக்க விடாமல், “அதுக்கு விஸ்காம்தான் சார்” என்றார். அடுத்த இடத்தில் விளக்கு என்ற சொல் காதில் விழுந்தவுடனே மின் பொறியியலுக்கு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்கள். மூன்றாமிடத்தில் ஓர் அம்மையார் மட்டும் பரிவோடு, “தம்பி, கொஞ்சம் நடிச்சுக் காட்டுங்க” என்றார். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் பட்டியலையும் புரட்டினேன். தோலுக்கு ஒரு பிரிவு, துணிக்கு ஒரு பிரிவு, பீங்கானுக்கு ஒரு பிரிவு, அச்சுக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள். மனிதர்கள் ஏறி நின்று பேசும் பலகைக்கு மட்டும் ஒன்றுமில்லை.

தங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டங்களில் ‘நிகழ்த்துகலை’ என்று ஒன்று இருப்பதைக் கண்டு சற்று ஆறுதலடைந்தேன். ஆயினும் சந்தேகம் தீரவில்லை: நிகழ்த்துபவனுக்குப் பட்டம் சரி, நிகழ்த்துபவன் முகத்தில் வெளிச்சம் போடுகிறவன் நிகழ்த்துபவனா, அல்லனா? புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் ஒரு பள்ளி வைத்து, இந்திரா பார்த்தசாரதி போன்ற நாடகாசிரியரைத் தலைமையேற்கச் செய்தது போற்றத்தக்க காரியம். ஆனால் அங்கே நாடகம் முதுகலைப் படிப்பு. தங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. மேடை அமைப்பும் ஒளியமைப்பும் அங்கே மெய்யாகவே கற்பிக்கப்படுகின்றன. அதில் சேரவோ, பட்டதாரியாக இருக்கவேண்டும், ஆறு நாடகங்களிலாவது பங்கேற்றிருக்கவேண்டும், ஹிந்தியும் ஆங்கிலமும் நடைமுறைக்குப் போதுமான அளவு தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற எல்லையோரப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு பாஷை பெரிய பாரமன்று. ஆறு நாடகமும் பாரமன்று. ஒரு பாரதத் திருவிழாவிலேயே அது தேறிவிடும். அதற்குச் சான்று கையெழுத்திடத் துரியோதனனைத் தேடிப் போனால்தான், அவர் பகற்பொழுதில் செங்கல் சூளையில் இருக்கிறார்.

ஆக, எந்த வழியாகப் போனாலும் திரை இழுக்கக் கற்க விரும்புகிறவன் முதலில் மூன்று வருஷம் வணிகவியலோ விலங்கியலோ படித்துத் தன் ஆசைக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டு வரவேண்டும். வைத்தியம் படிக்க வருகிறவனை முதலில் சமையல் படித்துவிட்டு வா என்று தாங்கள் சொல்வதில்லை.

அந்த நாடகப் பள்ளிக்குத் தங்கள் முறைப்படி 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்ததும், அந்தப் பள்ளியே வேண்டாமென்று கேட்டுக்கொண்டதன் பேரில் 2011-இல் அது விலக்கப்பட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். போர்த்திய பொன்னாடையை மடித்துத் திருப்பிக் கொடுத்த வேறொரு ஸ்தாபனத்தை நான் கேள்விப்பட்டதில்லை. நாடகக்காரர்களுக்கு எந்த உடுப்பில் அசைய முடியும், எதில் முடியாது என்று தெரியும் போலும்.

பாடத்திட்டத்துக்கு நூல் இல்லையே என்று தாங்கள் ஆட்சேபிக்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தருவித்துப் பாருங்கள். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. நுழைய ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். ஒரு பக்கமிருந்து வருவதும், இரு பக்கமிருந்து வந்து கூடுவதும், மேலிருந்து மறைவாக இறங்குவதுமாக மூன்று வகைத் திரை. தூணின் நிழல் ஆடுபவள் மேலும் அவையின் மேலும் விழாதபடி விளக்கு வைக்கும் இடம் உள்பட எல்லாம் சொல்லியாகிவிட்டது. இளங்கோவடிகளுக்கு நெட் தேர்ச்சி இல்லை என்பது ஒன்றே குறை. அதைக் கௌரவப் பேராசிரியர் விதியைக் கொண்டு சரிக்கட்டலாம்.

ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. எங்கள் ஸ்டேஷனில் ரயிலேறினால் ரேணிகுண்டா வழியாகக் கடப்பை. அந்த ஜில்லாவின் சுரபி கிராமத்தில் 1885-இல் வனாரஸ கோவிந்தராவ் ‘கீசக வதம்’ ஆடித் தொடங்கிய குடும்பக் கம்பெனியின் வம்சத்தார், ஆளைக் கம்பியில் பறக்கவிடுவதையும் அம்போடு அம்பு மோதி நெருப்பெழச் செய்வதையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே அவர்கள் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் நவாப் ராஜமாணிக்கமும், பின்னர் ஆர். எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளால் ஜனங்களை வாய்பிளக்க வைத்தார்கள். அவர்கள் பெயர் நிலைத்தது, நெம்புகோலைப் பிடித்தவர் பெயர் நோட்டீஸில்கூட ஏறவில்லை. 1960-இல் இந்தத் தாலுகாவே ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாறியது. அத்தனை பெரிய காட்சி மாற்றத்திலும் எல்லைக்காகப் போராடிய ம. பொ. சி. முதலான முன்மேடைக்காரரைத்தான் நமக்குத் தெரியும். எல்லைக் கல்லைத் தூக்கி நட்டவன் யார்?

எங்கள் மலைக்கோயிலில் ஒரு விசேஷம். மற்றத் தலங்களில் வாகனம் சுவாமியைப் பார்த்து நிற்கும். இங்கே ஐராவதம் சந்நிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்க்கிறது. இந்திரன் கேட்டுக்கொண்டதால் என்பது ஸ்தல புராணம். பையன் வேறு காரணம் சொல்கிறான்: “அதுதான் தாத்தா மேடை நிர்வாகி. சுவாமியைப் பார்க்க அதுக்கு எங்கே நேரம்? கூட்டத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது.”

தாங்கள் கருணைகூர்ந்து அந்த யானைக்கு ஏற்ற ஒரு மூன்றாண்டுப் பட்டத்தைப் பட்டியலில் சேர்த்து உத்தரவு அனுப்புவதானால், ஆடிக் கிருத்திகைக்கு முன்னதாகவே தபாலில் சேரும்படி பார்த்துக்கொள்ளவும். அதன் பிறகு மூன்று நாளும் தெப்பத்துக்குச் சீரியல் விளக்குக் கட்ட அவன் பொய்கைக் கரைக்குப் போய்விடுவான். தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆள் இராது. எனக்குக் கண் மங்கல்.