தரவரிசைக்கு ஒரு ஃபைவ் எஸ் தணிக்கை

அனுப்புநர்: ஜப்பானியப் பாட்டு கேட்போர், சிட்கோ தொழிற்பேட்டை, காக்களூர், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: பாடல் தரவரிசை அலுவலர்கள், ஓரிகான் மற்றும் பில்போர்டு ஜப்பான், டோக்கியோ.

பொருள்: ஜப்பானின் முன்னணிப் பாடல்கள் – ஃபைவ் எஸ் தணிக்கை அறிக்கை அனுப்புதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஜப்பானியப் பாடல்களின் வெற்றி இரண்டு பேரேடுகளில் பதிவாகிறது. ஓரிகான் 1968 முதல் வாரந்தோறும் விற்பனையை எண்ணிவருகிறது. 2008-இல் தொடங்கிய பில்போர்டு ஜப்பான் ஹாட் 100, விற்பனையோடு வானொலியையும் எண்ணியது; ஸ்ட்ரீமிங் போன்றவற்றைக் காலப்போக்கில் சேர்த்துக்கொண்டது. இரண்டையும் தணிக்கை செய்யக் காக்களூருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். 1998-இல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் தயாராகத் தொடங்கியது. அதே ஆண்டு ரஜினிகாந்தின் ‘முத்து’ டோக்கியோ ஷிபுயாவில் மாதக்கணக்கில் ஓடியது. ரஹ்மானின் தமிழ்ப் பாட்டுகளை ஒரு சொல்லும் புரியாமல் அந்த ஊர் ரசித்தது. வாங்கியவர் கொடுக்கவும் வேண்டும். தவிர, பட்டறையை ஒழுங்காக வைக்கும் ஐந்து படிகளான ஃபைவ் எஸ் பலகையைச் சுவர்களில் மாட்டச் சொன்னதும் ஜப்பானே. கற்றுக்கொடுத்தவரிடமே அளவுகோலை நீட்டுவது மரியாதைக் குறைவாகாது.

1. சீரி (வேண்டாததைக் கழித்தல்)

கழிக்கவேண்டிய பொருளுக்குச் சிவப்பு டேக் கட்டுவது பட்டறை வழக்கம். ஏ.கே.பி.48 பாட்டுக்குழுவின் சி.டி.க்களோடு உறுப்பினர்களுடன் கைகுலுக்கும் சீட்டும், 2009 முதல் குழுவின் உட்தேர்தலுக்கான வாக்குச்சீட்டும் விற்பனைக்கு வந்தன. ஒரே ரசிகர் ஒரே பாட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கினார். 2011-ஆம் ஆண்டு ஓரிகான் சிங்கிள் பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் அந்தக் குழுவுக்கே. வாக்குக்குப் பணம் வாங்குவதைத் தமிழ்நாடு அறியும்; வாக்குப் போடப் பணம் கட்டுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறது. பாட்டுகள் மோசமில்லை, உற்சாகமானவை. ஆனால் பேரேட்டில் ஏறியது காது அல்ல, பர்ஸ். மேஜர் என்.சி. (பெரிய குறைபாடு) எழுதப்படுகிறது. ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த கூட்டுப் பட்டியலை ஓரிகான் 2018 டிசம்பரில் கொண்டுவந்தது. பட்டியல் தொடங்கி ஐம்பது ஆண்டு கழித்து எடுத்த திருத்த நடவடிக்கை என்றாலும், நடவடிக்கைதான்.

2. சீடோன் (அதனதன் இடத்தில் வைத்தல்)

யோனேசு கென்ஷியின் ‘லெமன்’ 2018, 2019 என இரண்டு ஆண்டும் ஹாட் 100-இன் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிணக்கூறாய்வு மருத்துவர்களைப் பற்றிய ‘அன்நேச்சுரல்’ தொலைக்காட்சித் தொடருக்காக எழுதப்பட்ட துக்கப் பாட்டு இது. முன்னிசைக்குக் காத்திராமல் எடுத்த எடுப்பிலேயே குரல் வருகிறது. சரணத்தில் விக்கல்போல ஓர் ஒலி தாளத்துக்கு நடுவே வெட்டி வெட்டி விழுகிறது. டீக்கடை மேசையில் கண்ணாடி டம்ளர்மேல் சாய்த்துவைத்த போனில் முதன்முறை கேட்பவர், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று போனைத் தட்டிப் பார்ப்பார். இரண்டாம் முறை அந்த விக்கல் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பது புரியும். எல்லாம் இடத்தில் உள்ளன, குறை இல்லை.

3. சீஸோ (துப்புரவு)

யோசோபியின் ‘ஐடல்’ 2023-இல் 21 வாரம் தொடர்ந்து ஹாட் 100-இன் உச்சியில் இருந்தது. ‘ஓஷி நோ கோ’ அனிமேயின் தொடக்கப் பாட்டான இதில் ராப், ரசிகர் கூச்சல், கோரஸ், சுருதி மாற்றம் எல்லாம் உண்டு. மூன்று பாட்டுக்கான சரக்கு ஒரே பாட்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஓவர்லோடு என்று எழுதத் தணிக்கையாளர் பேனாவை எடுப்பதற்குள் பல்லவி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. புன்னகையால் பொய்யை மூடும் பாடகியைப் பற்றிய பாட்டு, இசையிலும் அப்படியே பளபளக்கிறது. கிரீப்பி நட்ஸ் இணையின் ‘பிளிங்-பேங்-பேங்-பார்ன்’ 2024 ஆண்டுப் பட்டியலின் முதல் பாட்டு. டிக்டாக் 2020-இல் இந்தியாவில் தடையானதால், இந்தப் பாட்டின் நடனம் இங்கே ரீல்ஸ் வழியாக வந்துசேர்ந்தது. ஆடத் தோதான பாட்டு. உட்கார்ந்து கேட்டால் பாதியில் அலுக்கும். மைனர் என்.சி.

4. சீகேட்சு (தரநிலைப்படுத்தல்)

அனிமேயின் தொடக்கப் பாட்டுக்கு ஏறத்தாழ 90 நொடிதான் இடம். அதற்குள் அறிமுகம், ஏற்றம், பல்லவி மூன்றும் முடியவேண்டும். ‘டீமன் ஸ்லேயர்’ தொடருக்கு லிசா பாடிய ‘குரேங்கே’ இந்த அளவுக்குச் சரியாக வெட்டிய வார்ப்பு. இதே அச்சில் பின்னால் வந்தவை பல. பத்துப் பாட்டை வரிசையாகக் கேட்டால் ஏழாவதும் எட்டாவதும் ஒன்றாகத் தெரியும். எனினும் குறை சொல்லத் தமிழருக்குத் தகுதி குறைவு. அங்கே பாட்டு அனிமேயில் தொங்குகிறது, இங்கே சினிமாவில். அத்தொடரின் ‘இன்ஃபினிட்டி காஸில்’ படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசியே திரையரங்குக்கு வந்துவிட்டதால், தூரம் இன்னும் குறைந்திருக்கிறது.

5. ஷிட்சுகே (நிலைத்த ஒழுக்கம்)

மற்ற நான்கும் நாள்பட நிற்கின்றனவா என்பதே கடைசிச் சோதனை. சகாமோட்டோ கியூ 1961-இல் பாடிய பாட்டு, ‘சுகியாகி’ என்று ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு, 1963 ஜூனில் அமெரிக்க ஹாட் 100-இல் மூன்று வாரம் முதலிடம் வகித்தது. கைகுலுக்கல் இல்லை, வாக்குச்சீட்டு இல்லை, கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு மொழியும் தெரியாது. கண்ணீரை அடக்கி நடக்கும் ஒருவரின் சீழ்க்கை மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அளவுகோல் அதுவே. இந்தத் தணிக்கையில் வந்த பாட்டுகளில் ‘லெமன்’ அந்த அளவுக்கு நிற்கும், ‘ஐடல்’ நிற்கக்கூடும், மற்றவை அடுத்த சீசன் வரை.

கோரப்படும் திருத்த நடவடிக்கைகள்

அ) ஒரு தலைக்கு ஒரு சி.டி. மட்டும் எண்ணப்படவேண்டும். மீதியைக் கைகுலுக்கல் கட்டணம் என்று தனிக் கணக்கில் எழுதலாம்.

ஆ) ஜப்பானுக்கு வெளியே கேட்கப்படும் ஜப்பானியப் பாட்டுகளுக்கெனப் பில்போர்டு ஜப்பான் 2023 செப்டம்பரில் தனிப் பட்டியல் தொடங்கியது. நிரந்தரத் தொழிலாளருக்கு ஒரு வருகைப் பதிவேடும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இன்னொன்றும் வைக்கும் ஏற்பாட்டை இந்தப் பேட்டை நன்கு அறியும். வேலை ஒன்றே, கேட்கும் காதும் ஒன்றே. வெளியூர்க் காதுகள் மூலப் பேரேட்டிலேயே பணி நிரந்தரம் செய்யப்படவேண்டும்.

இ) சொல் புரியாமல் கேட்போரின் கருத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். அவர்களைப் பாடல் வரி ஏமாற்ற வழியில்லை. மெட்டு தோற்றால் பாட்டு தோற்றதே.

இணைப்பு: சி.டி. ஏதும் இல்லை. போட்டுக் கேட்கப் பிளேயர் இங்கே எவரிடமும் இல்லை.

இப்படிக்கு,
காக்களூர் கேட்போர்