மிட்டாய்த் தாள் எண்ணும் மலை

குனோங் லேடாங் ஏறப் போனால் அடிவாரத்தில் ஒரு பாரம் தருவார்கள். பையில் எத்தனை பிஸ்கட் பாக்கெட், எத்தனை தண்ணீர் போத்தல், எத்தனை மிட்டாய் என்று அதில் எழுத வேண்டும். இறங்கி வந்ததும் காலி உறைகளைக் காட்டிக் கணக்கை ஒப்பிக்க வேண்டும். குறைந்தால் தண்டம்.

மேனேஜர்கள், இன்ஜினியர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று சாக்லெட் எண்ணும் காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். "நம்மளத் திருடன்னு நெனச்சிட்டானா?" என்று ஒருவர் கொதிப்பார். இல்லை ஐயா. திருடன் எடுத்துக்கொண்டு போவான். நீங்கள் போட்டுவிட்டுப் போகிறவர்.

கொதிப்பு அடங்கியதும் மூளை வேலை செய்யும். பையில் ஒன்பது போத்தல் இருந்தால் பாரத்தில் ஆறு. எழுதாத மூன்றும் மலைக்குச் சமர்ப்பணம். கணக்கு நேர், மனசாட்சியும் நேர். அரசாங்கத்தை ஏமாற்றிய பெருமையில் ஏணிப்படி கொஞ்சம் சுலபமாகவே இருக்கும்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மிக உயரமான மலை இது, 1,276 மீட்டர். காட்டுவழி, கயிறு, ஏணி, 'கேஎஃப்சி' என்று ஏறுகிறவர்கள் பட்டப்பெயர் வைத்த பாறை (கோழி கிடைக்காது, முட்டி கழன்றால் உண்டு) எல்லாம் தாண்டி ஏறி இறங்க ஒரு முழுப் பகல் ஆகும். பெர்மிட் வேண்டும், வழிகாட்டி வேண்டும். இதில் ஒரு விதிக்கும் காகித அளவில் குறையில்லை. ஆனால் விதிகளை விழுங்கி ஏப்பம் விடுகிற ஒரு தொழில் இப்போது நம்மிடையே செழித்திருக்கிறது. அதன் பெயர் 'ஓபன் டிரிப்'.

வாட்ஸ்அப்பில் போஸ்டர் வரும். முகம் தெரியாத நாற்பது பேர், ஒரே நிற டீ-சட்டை, ஒரு பதக்கம், ட்ரோன் படம். 'புதியவர்களும் வரலாம்' என்று ஒரு வரி. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அண்ணனும் அதை நம்பி, புதுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். எப்போது போகலாம் என்ற கேள்விக்கு ஏற்பாட்டாளரிடம் ஒரே பதில்தான் உண்டு: நீண்ட வார இறுதி. ஏன்? எல்லாருக்கும் லீவு. எல்லாருக்கும் லீவு என்றால் எல்லாரும் வருவார்களே என்ற அடுத்த கேள்வி அவருடைய கணக்கில் கிடையாது. கணக்கில் இருப்பது தலைக்கு இத்தனை ரிங்கிட்.

முன்பாவது ஒரு தற்செயலான காப்பு இருந்தது. 2014 முதல் 2024 முடிய ஜொகூருக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூர்க்காரனுக்கும் மலாக்காக்காரனுக்கும் சனி, ஞாயிறு. ஆக, கூட்டம் கொஞ்சம் பிரிந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. இனி கோலாலம்பூர், மலாக்கா, ஜொகூர், சிங்கப்பூர் நான்கும் ஒரே இரண்டு நாளில் ஒரே ஏணியின் கீழ் நிற்கலாம். மேலே ஒருவர் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை கீழே முப்பது பேர் கயிற்றைப் பிடித்தபடி மழையில் நனையலாம். ஒற்றுமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறது, சுமார் 3,500 கிலோமீட்டர். அங்கேயும் கூட்டம்தான். முழுத் தூரமும் நடக்க வருகிறவர்கள் புறப்படும் தேதியை முன்கூட்டியே பதிவு செய்யலாம். எந்த நாளில் எத்தனை பேர் என்பது தெரியும். நெரிசலான நாளைப் பார்த்து விலகிக்கொள்ளலாம். கட்டாயமில்லை. நம் ஆளிடம் அதே பட்டியலைக் கொடுத்தால் எந்த நாளில் கூட்டம் அதிகம் என்று பார்த்து அன்றைக்குத்தான் போவார். கூட்டம் இருந்தால்தானே அந்த இடம் பேமஸ்!

1854-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்த லேடாங் மலையில் ஏறினார். மேலே பாடாங் பத்துவில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், தேடினால் இல்லை. தாகம் தாங்காமல் அங்கே வளர்ந்திருந்த குடுவைச் செடிகளின் நீரைக் குடித்திருக்கிறார். பூச்சி மிதந்ததாம், ஆனாலும் ருசியாகவே இருந்ததாம். வாலஸ் ஒன்றும் மகாத்மா இல்லை. பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திக் கப்பலேற்றியவர். ஆனால் அவர் தாகத்துக்குக் குடித்த பிறகு அங்கே ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் மிஞ்சவில்லை. இன்று நாம் அந்தச் செடியைப் படம் எடுப்போம், பக்கத்திலேயே போத்தலைக் கசக்கிச் செருகுவோம், படத்தைப் போட்டு 'இயற்கை அன்னை' என்று எழுதுவோம்.

லேடாங் இளவரசி கதை ஊருக்கே தெரியும். பெண் கேட்டு வந்த மலாக்கா சுல்தானிடம் தங்கப் பாலம் கேட்டாள், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம் கேட்டாள், கடைசியில் அவன் மகனின் ரத்தத்தையும் கேட்டாள். வராதே என்று சொல்ல அவளிடம் அத்தனை நிபந்தனை இருந்தது. அடிவாரத்து ரேஞ்சர் கையில் இருப்பது ஒரு பாரமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும்.

இருட்டியபின் ஆள் இறங்கவில்லை என்றால் இந்தக் கூத்து நின்றுவிடும். டீ-சட்டை விற்றவர் போனை எடுக்கமாட்டார். எடுத்தாலும் "அவங்க பெரியவங்க, அவங்கவங்க பொறுப்பு" என்பார். பொம்பா எனும் தீயணைப்புப் படையினரும் வழிகாட்டிகளும் ஸ்ட்ரெச்சரோடு ஏறுவார்கள். எண்பது கிலோ மனிதரை ஈர ஏணியில் இறக்க எத்தனை தோள் வேண்டும், அந்தத் தோள் மறுநாள் எப்படி வலிக்கும் என்று போஸ்டரில் யாரும் போடுவதில்லை. சுளுக்கிய கால் மறுவாரம் முகநூலில் 'மறக்க முடியாத அனுபவம்' ஆகிவிடும்.

அடிவாரத்து அதிகாரிகளே, எண்ணுவதுதான் எண்ணுகிறீர்கள், மிட்டாய்த் தாளோடு நிறுத்தாதீர்கள். எந்த ஏற்பாட்டாளர் எத்தனை தலையைக் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு ஏற்றினார், எத்தனை பேரைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் இறங்கினார் என்பதையும் அந்தப் பாரத்தில் எழுதி வாங்குங்கள். குறைகிற போத்தலுக்கு வாங்கும் தண்டத்தைக் குறைகிற ஆளுக்கும் அவரிடமே வாங்குங்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கிய கூலியையும் சேர்த்து.