பீட்டர் என்னும் வலைஞர்

பழவேற்காடு ஏரியோரத்துச் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊரின் கரையில் நின்றுகொண்டு யாரேனும் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால், 'பீட்டர் விடுகிறார்' என்று பரிகசிப்பது இக்காலத் தமிழ்நாட்டின் சம்பிரதாயம். ஆயின் அப்பெயரின் பூர்வ சொந்தக்காரர், ஆங்கிலம் என்றொரு பாஷை ஜனிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்தப் பழவேற்காட்டு ஜனங்களைப் போல ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர் என்பதைப் பரிகாசப் பிரியர்கள் பொருட்படுத்துவதில்லை.

கலிலேயா ஏரியின் சீமோனுக்கு ஏசுநாதர் சூட்டிய அரமேயப் பெயர் கேபா, அதாவது பாறை. அதைக் கிரேக்கர் பெட்ரோஸ் என்று மொழிபெயர்க்க, லத்தீன்காரர் பெட்ருஸ் என்று இரவல் வாங்க, பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் பெத்ரோ என்றும், 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் பீட்டர் என்றும், 1825-இல் ஊரை நிரந்தரமாகப் பெற்றுக்கொண்ட ஆங்கிலேயர் அதே பீட்டர் என்றும் அழைத்தார்கள். கொடி மாறியும் பெயர் மாறாத சௌகரியம்!

நம்மவர் சும்மா இருப்பார்களா? கத்தோலிக்கர் இராயப்பர் என்றனர். புராட்டஸ்டண்டார் பேதுரு என்றனர். (இராயப்பரில் ஒளிந்திருக்கும் ராயி என்பது தெலுங்கில் கல் என்பதை, ஆந்திர எல்லையருகே வசிக்கும் இவ்வூராருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை.)

எந்த நாமத்தால் அழைத்தாலும், மோட்சத்தின் திறவுகோலை வைத்திருக்கும் அம்மகானே இன்று இந்த உப்பங்கழிக்கு எழுந்தருளினாலும், இறால் மிகுந்த இடத்தில் வலை போடுவதற்குப் பாடு என்னும் முறைவைப்பின்படி தம் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதுவும், பாடு உரிமை உள்ள மீனவக் குப்பத்தில் பிறந்திருந்தால்.